9 கிலோவாம்ல, நம்பிட்டோம்!

சைக்கிள்ல டென்ட் கட்டிக்கிட்டு டூர் போற ஒருத்தர், மறுபடியும் ஒரு லக்கேஜ் எடை லிஸ்ட் போட்டிருக்காரு. "மொத்த லக்கேஜும் 9 கிலோதான், உங்களுக்கு மட்டும் எப்படி 16 வருது?"ன்னு நக்கல் வேற. சரி, பிரிச்சுப் பார்த்துடுவோம்.

டென்ட் 1.3 கிலோவாம். எடை எங்க போட்டாரு? அட்டையில அச்சடிச்சிருந்ததை அப்படியே இறக்கியிருக்காரு! அது 'குறைந்தபட்ச எடை' சாமி. உள்கூடு, மேல்விரிப்பு, கம்பி, அவ்வளவுதான். முளை, இழுகயிறு, உறைங்க எல்லாம் தானா பறந்து வருமா? அடிவிரிப்பு லிஸ்ட்லயே இல்ல. அந்தரத்துல படுப்பாரு போல.

அடுத்து பேனியர், அதான் கேரியர்ல பக்கவாட்டுல தொங்குற பை. போட்டிருக்கிறது ஒத்தைப் பை எடை, போட்டோவுல தொங்குறது ரெண்டு. கேரியர்? "அது சைக்கிளோட சேர்ந்தது." பூட்டு? "சைக்கிளோட." பம்ப், ஸ்பேர் ட்யூப், ஸ்பேனர்? சைக்கிளோட, சைக்கிளோட, சைக்கிளோட! சரி, சைக்கிள் எடையாவது சொல்லுங்கன்னா, கம்பெனி போட்ட நம்பர். பல கம்பெனி பெடலைக் கழட்டிட்டுத்தான் அந்த எடையே போடுது.

கேஸ் குப்பி 230 கிராம்னு எழுதியிருக்கு. அது உள்ள இருக்கிற கேஸ் மட்டும்யா! தகரத்தோட தூக்கி வெச்சா 350-ஐத் தாண்டும். தண்ணி, சாப்பாடு, எரிபொருள் சேர்க்காத கணக்குன்னா முதல் வரியிலயே சொல்லித் தொலைங்க. 3 லிட்டர் தண்ணின்னா 3 கிலோ, மலையேத்தத்துல அதுக்குத் தள்ளுபடி கிடையாது.

மிச்சத்தை ஆள் ஏறுற மெஷின்ல பையோட ஒருதரம், பையில்லாம ஒருதரம் ஏறிக் கழிச்சாராம். 100 கிராம் படியில காட்டுற மெஷின்; ஒவ்வொரு தரமும் 50 கிராம் முன்னப்பின்ன போகும், கழிச்சா 100 வரைக்கும் தப்பு. இந்த லட்சணத்துல கடைசி வரி: "ஸ்பூன் கைப்பிடியை வெட்டி 4 கிராம் குறைச்சேன்." அடடா!

1 கிராம் காட்டுற சமையல் தராசுல ஒவ்வொண்ணா வைங்க. பெரிய பொருள் நம்பரை மறைச்சா, கிண்ணத்தைக் கவுத்து வெச்சு, பூஜ்யமாக்கி, அதுமேல வைங்க. நிரப்பின பேனியருக்குக் கொக்கித் தராசு. ஆட்டம் நின்னப்புறம் படிங்க. ரெண்டு பேர் லிஸ்டை ஒப்பிடணும்னா ரெண்டுலயும் ஒரே சாமான் இருக்கணும், பூட்டும் கேரியரும் சேர்த்து.

இதுல டென்ட் உறையைத் தனியா எடை போட டென்ட்டை வெளிய எடுத்தாகணும். எடுத்தா முடிஞ்சது கதை. எந்த மகராசன் தெச்சானோ அந்த உறையை, உருட்டினாலும் நுழையல, திணிச்சாலும் நுழையல. இதே டென்ட்டு இதே உறைக்குள்ள இருந்துதானய்யா வந்துச்சு!