கேள்வியை அவரிடமே கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். "உனக்கு என்னம்மா தெரியும், வீட்டுக்காரரை வரச்சொல்லு" என்று எங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து ஒருவர் கத்துகிறார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு நடப்பவள். டிரான்ஸ்பார்மரில் இருந்து பிள்ளையார் கோயில் வரை நாலு கம்பத்திலும் விளக்கு எரியாது. செயினை உள்ளே தள்ளி, துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, செல்போன் டார்ச்சில் நடப்பேன். பின்னால் பைக் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். போன மார்கழியில் ஒரு நாள் அந்த இருட்டில் யாரோ நிற்பது தெரிந்து பயந்தே போனேன். பார்த்தால் கவுன்சிலர் அக்கா. கம்பத்து நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "தினமும் இந்நேரத்துக்கா வர்றீங்க?" என்று கேட்டு, என் வீட்டு வாசல் வரை கூடவே வந்தார். மறுவாரம் ஏணி வண்டி வந்தது. நாலு விளக்கும் இப்போது எரிகிறது. வந்தது அவர்தான், வீட்டுக்காரர் இல்லை.

கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். நான் அவருக்கு ஓட்டே போடவில்லை. செயின் பறிப்பு நிற்கவில்லையே என்றால், போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. ரோந்து அனுப்பச் சொல்லிக் கவுன்சிலர் கேட்கத்தான் முடியும், கேட்டார். வடிகால் பள்ளத்துக்குத் தடுப்பு இல்லையே என்கிறீர்களா? சரி, அது நியாயம். 2022 அக்டோபரில் காசி தியேட்டர் பக்கம் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்ததை நானும் மறக்கவில்லை. அந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அவர் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

2016-லிருந்து 2022 வரை சென்னையில் ஒரு வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலாக யாரிடம் போய் நிற்பது என்றே தெரியாமல் இருந்தோம். இப்போது 200 வார்டில் பாதி பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து ஆம்பளையைக் கூப்பிடு என்கிறோம்.

அப்பா போன பிறகு அம்மாவும் நானும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அம்மாவிடம் இதையேதான் கேட்டார்கள், "ஆம்பளை யாரும் வரலையா?" அம்மா ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குவாள். வீடியோவின் கடைசியில் அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி வைத்தார். கம்பத்து நம்பர் எழுதிய அதே நோட்டு.