தூக்கம் வரலன்னு போனா முதல்ல மாத்திரையா?

காய்ச்சல்ல இருந்து பிபி வரைக்கும் எதுன்னாலும் நாம முதல்ல ஓடுறது ஃபேமிலி டாக்டர்கிட்ட தான், அவங்க மேல எனக்கு மரியாதை நிறைய உண்டு. ஆனா இந்த தூக்கமின்மை விஷயத்துல அவங்க பண்றது ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டே இருக்கு. மாசக்கணக்கா தூங்காம கண்ணு சிவந்து ஒருத்தர் போய் உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல ஒரு தூக்க மாத்திரைய எழுதி, டென்ஷன் ஆகாதீங்க, சாயங்காலத்துக்கு மேல காபி வேணாம், படுத்துக்கிட்டு போன் பாக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. மாத்திரை தீந்துச்சுன்னா அதே சீட்டு, அதே மாத்திரை. இத வைத்தியம்னு என்னால ஒத்துக்க முடியல.

வாரத்துல 3 ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது 3 மாசம் தாண்டி, பகல் வேலையும் அதனால பாதிச்சுதுன்னா அது நாள்பட்ட தூக்கமின்மை. இதுக்கு முதல்ல குடுக்க வேண்டியது மாத்திரை இல்ல, சிபிடி-ஐ ங்கற சிகிச்சை, அதாவது தூக்கமின்மைக்குன்னே வடிவமைச்ச மனநடத்தை சிகிச்சைன்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கற டாக்டர்கள் சங்கம் 2016லயே எழுதிட்டாங்க. ஐரோப்பிய தூக்க ஆராய்ச்சி சங்கமும் 2017ல அதத்தான் சொன்னாங்க, 2023ல புதுப்பிச்சப்பவும் அதுல மாத்தம் இல்ல. இத்தனை வருஷம் ஆகியும் பேஷண்ட் காதுக்கு அந்த பேரு கூட வந்து சேரலன்னா என்ன சொல்றது?

அதுல அப்படி என்ன இருக்குன்னா, கேக்க சாதாரணமா தான் இருக்கும். தூக்கம் வரலன்னா நாம எல்லாரும் செய்யறது சீக்கிரமா போய் படுக்கறது, காலையில கூட கொஞ்சம் புரண்டு கிடக்கறது. ராத்திரி 10 மணிக்கு படுத்து 7 மணிக்கு எந்திரிக்கறவர் உண்மையில தூங்குனது அஞ்சரை மணி நேரம்னா மீதி மூணரை மணி நேரமும் படுக்கையில கவலைப்பட்டுக்கிட்டே கிடந்திருக்காரு, நாளாக நாளாக படுக்கைய பாத்தாலே மூளை முழிச்சுக்கும். அதனால படுக்கையில இருக்கற நேரத்தையே அந்த அஞ்சரை மணி நேரத்துக்கு ஒட்டி குறைச்சிடுவாங்க. 12:30க்கு முன்னாடி படுக்கக்கூடாது, 6 மணிக்கு எப்படி இருந்தாலும் எந்திரிக்கணும், பகல்ல தூங்கக்கூடாது. தூக்கம் சேந்து சேந்து அழுத்தும், படுத்ததும் வந்துடும், அப்புறம் வாரத்துக்கு கால் மணி நேரம்னு நேரத்த கூட்டிட்டே போவாங்க. 1987ல ஆர்தர் ஸ்பீல்மேனும் அவரோட வேலை செஞ்சவங்களும் எழுதின முறை இது. அதுக்கும் முன்னாடியே, 1972ல, ரிச்சர்ட் பூட்சின்னு ஒருத்தர் தூக்கம் வரலன்னா எழுந்து வேற இடத்துக்கு போங்க, கண்ணு சொக்கினா மட்டும் திரும்பி வாங்கன்னு சொல்லிட்டாரு. முதல் வாரம் ரெண்டு வாரம் பகல்ல நல்லா தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், வலிப்பு நோயோ பைபோலார்ங்கற மனநிலை நோயோ இருந்தா டாக்டர் மேற்பார்வை இல்லாம தொடவே கூடாது.

எங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் இல்ல, ஸ்பெஷலிஸ்ட் தான் பண்ணணும்னு டாக்டருங்க சொல்லலாம். இங்கிலாந்துல சாதாரண ஃபேமிலி டாக்டர் கிளினிக்குகள்ல வேலை பாக்கற நர்ஸுங்களுக்கு கொஞ்சம் டிரெய்னிங் குடுத்து, 642 பேர வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2023ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஒரு பாதிக்கு தூக்கம் பத்தின அறிவுரை புக்லெட் மட்டும், இன்னொரு பாதிக்கு அதோட சேத்து நர்ஸ் கூட 4 சின்ன சந்திப்பு, படுக்கை நேரத்த குறைக்கற முறை. ஆறு மாசம் கழிச்சு பாத்தா ரெண்டாவது கூட்டத்துக்கு தூக்கமின்மை நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. அப்ப காபி குடிக்காதீங்க அறிவுரை மட்டும் போதாது, அதே சமயம் பெரிய ஸ்பெஷலிஸ்டும் கட்டாயம் இல்ல, அந்த கிளினிக்லயே முடியும்னு தானே அர்த்தம்.

சீட்டு எழுதறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விங்க வேற இருக்கு. குறட்டை விடறீங்களா, தூக்கத்துல மூச்சு நிக்குதா, படுத்தா கால ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருக்கா, ரத்தத்துல இரும்புச் சத்து எப்படி, தைராய்டு பாத்தாச்சா, மனசு சோர்ந்து கிடக்கா, ஸ்டீராய்டு, சளி மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா. தூக்கத்துல மூச்சு நிக்கறவருக்கு இது எதுவும் கேக்காம தூக்க மாத்திரை குடுத்தா நிலைமை இன்னும் மோசமாக வாய்ப்பு இருக்கு.

மாத்திரையே கூடாதுன்னு நான் சொல்லல. வீட்ல ஒரு சாவு, பெரிய அதிர்ச்சின்னா சில நாளைக்கு அது உதவும், அந்த நேரத்துல குடுக்கத்தான் வேணும். எங்க பெரியம்மாவுக்கு பெரியப்பா தவறினப்ப அப்படித்தான் ஆரம்பிச்சுது, தப்பே இல்ல. ஆனா அது வருஷக்கணக்கா ஓடுச்சு, இன்னும் வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல, ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தள்ளாடி விழுந்தாங்க. வயசானவங்களுக்கு அல்பிரஸோலம், குளோனசெபாம் மாதிரி மாத்திரைங்க விழுந்து எலும்பு முறியற ஆபத்த கூட்டும்னு டாக்டருங்களுக்கு தெரியாத விஷயம் இல்ல. 2013ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, சோல்பிடெம்ங்கற தூக்க மாத்திரைய பெண்களுக்கு 10 மில்லிகிராம்ல இருந்து 5ஆ குறைக்கச் சொன்னாங்க, காலையில வண்டி ஓட்டற நேரத்துலயும் மருந்து ரத்தத்துல மிச்சம் இருக்குன்னு. 2019ல அதே மருந்துக்கு தூக்கத்துல நடக்கறது, வண்டி ஓட்டறதுன்னு கடுமையான எச்சரிக்கை போட்டாங்க. 2020ல அல்பிரஸோலம், குளோனசெபாம் எல்லாம் சேர்ந்த பென்சோடயசெபின் வகை மொத்தத்துக்கும், உடம்பு அதுக்கு அடிமையாகிடும்னு எச்சரிக்கை.

இப்ப மாத்திரை போட்டுட்டு இருக்கறவங்க இத படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு. ரொம்ப நாள் எடுத்தத திடீர்னு விட்டா வலிப்பு கூட வரலாம். நிறுத்தினதும் சில நாள் தூக்கம் முன்ன விட மோசமா கெடும், அது மருந்த விட்டதோட விளைவா இருக்கலாம், அத வெச்சு எனக்கு மாத்திரை இல்லாம முடியாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா டாக்டர் தான் குறைக்கணும். ரெண்டு வாரத்துக்கு எப்ப படுத்தேன், சுமாரா எப்ப தூங்கினேன், எத்தனை தடவை முழிச்சேன், எப்ப எந்திரிச்சேன்னு ஒரு நோட்டுல எழுதி, அத கொண்டு போய் டாக்டர் டேபிள் மேல வெச்சு, சிபிடி-ஐ பத்தி கேளுங்க, இந்த மாத்திரைய எப்ப நிறுத்தப் போறோம்னும் கேளுங்க.