உட்கார விடாத பெஞ்சு

கால் வலிக்கிறது, ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று பெஞ்சைத் தேடிப் போனால் அது சரிவாக இருக்கிறது. வழுக்காமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பேசாமல் நின்றுவிடலாம். அடுத்த பெஞ்சில் நடுவே இரண்டு இரும்புக் கம்பிகள். கை வைத்துக்கொள்ளத்தானாம்! வீடில்லாதவர் யாரும் படுத்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. ஆனால் சேர்ந்து மாட்டிக்கொள்வது யார்? கர்ப்பிணி, முழங்கால் தேய்ந்த பாட்டி, தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்து வருபவர்.

லண்டனில் கேம்டன் பகுதி நிர்வாகம் 2012-இல் ஒரு கான்கிரீட் பெஞ்சைக் கொண்டுவந்தது. அதில் படுக்க முடியாது, ஸ்கேட்போர்டு ஓட்ட முடியாது, கிறுக்கினாலும் ஒட்டாது. இத்தனை 'முடியாது'களை யோசித்தவர்கள், உட்காருவதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

'வராதே' என்று பலகை வைத்தால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கான்கிரீட்டோடு யார் போய் சண்டை போடுவது? அப்புறம், சில இடங்களில் பெஞ்சையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். எதிரே காபிக் கடையில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. காசு கொடுத்தால் உட்காரலாம்.