அசையாமல் நிற்பவரை பி.ஐ.ஆர் சென்சார் அறியாது

கலை நிறுவலின் முன் பார்வையாளர் நிற்கும் வரை விளக்கு எரிய, எச்.சி-எஸ்.ஆர்501 என்ற பி.ஐ.ஆர் சென்சார் (அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அசைவை உணரும் சிறு கருவி) ஒன்றே போதும் என்று ஒரு கருத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. பணிவுடன் ஒரு திருத்தம்: அந்தச் சென்சார் ஆள் இருப்பதை உணர்வதில்லை, உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் அதன் முன் இடம் மாறுவதையே உணர்கிறது, ஆகவே படைப்பில் லயித்து அசையாமல் நிற்பவருக்கே, அதாவது யாருக்காக அதைச் செய்தோமோ அவருக்கே, விளக்கு அணைந்துவிடும். இதை எவரும் சரிபார்க்கலாம். மின்சாரம் கொடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, சென்சாரின் பலகையிலுள்ள இரண்டு சிறு திருகுகளில் விளக்கு எரியும் நேரத்துக்கானதைக் குறைந்த அளவில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி மூச்சு மட்டும் விட்டபடி நில்லுங்கள். சில நொடிகளில் விளக்கு அணையும், சற்றுப் பொறுத்துக் கையை வீசினால் மீண்டும் எரியும். அசையாமல் நிற்பவரையும் அறிய, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு ஏறத்தாழ 2 முதல் 400 சென்டிமீட்டர் வரை தூரம் அளக்கும் எச்.சி-எஸ்.ஆர்04 என்ற மீயொலி சென்சார் பொருத்தமானது.