வரைவது சரி, அனுப்புவதில்தான் சிக்கல்

சென்னை ஏரிகளின் நீர் இருப்பை பைத்தான் நிரலில் ப்ளாட்லி என்ற வரைபடக் கருவி கொண்டு வரைந்து, ஹெச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே சேமித்தால் ப்ளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் (படத்தை உலாவியில் இயக்கும் நிரல் தொகுப்பு) முழுவதும் கோப்புக்குள் சேர்ந்தே போகும்; நாலு வரி தரவுக்குக்கூட சில எம்பி ஆகிவிடும். சேமிக்கும்போதே நூலகத்தை சிடிஎன்னிலிருந்து (இத்தகைய கோப்புகளை இணையத்தில் வழங்கும் சர்வர்கள்) எடுத்துக்கொள்ளச் சொன்னால் தரவின் அளவுக்குச் சுருங்கிவிடும். திறப்பவருக்கு இணையம் வேண்டும், அவ்வளவுதான். அதைவிட வலைப்பக்கங்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் ஏற்றிவிட்டு லிங்கை மட்டும் அனுப்புவது மேல். எங்கள் அடுக்குமாடிக் குழுவில் கோப்பைக் கண்டாலே வைரஸ் என்று பயப்படுகிறார்கள்.

இன்னொன்று. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081தான். இரண்டையும் ஒரே அச்சில் போட்டால் சோழவரம் நிரம்பி வழிந்தாலும் காய்ந்து கிடப்பதுபோலத் தெரியும். ஒவ்வொரு ஏரியின் கோட்டையும் அதன் கொள்ளளவில் சதவீதமாகப் போட்டு, அசல் அளவை ஹோவரில், அதாவது மவுஸை மேலே கொண்டுபோனால் வரும் பெட்டியில், காட்டலாம். ஆனால் போனில் மவுஸ் ஏது? விரலால் அந்தப் புள்ளியையே குறிபார்த்துத் தொட வேண்டியிருக்கும். அந்தப் பெட்டி எப்படி வர வேண்டும் என்று சொல்லும் ப்ளாட்லியின் ஹோவர்மோடு அமைப்பை 'எக்ஸ் யுனிஃபைட்' என்று வைத்தால், ஒரு தேதியைத் தொட்டதும் எல்லா ஏரியும் ஒரே பெட்டியில் வந்துவிடும். 2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் அப்படித் தொட்டுப் பார்க்கவாவது இதைச் செய்யலாம்.

அப்புறம், வரைந்த தரவு முழுவதும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் பக்கத்தின் சோர்ஸை, அதாவது மூல நிரலை, திறந்து படிக்கலாம். ஏரிக் கணக்குக்குப் பரவாயில்லை. பராமரிப்புக் கட்டண பாக்கியை யாராவது இப்படிப் போட்டால் வம்புதான்.