பாலிமர் மாடுலேட்டர்: வேகம் சரி, சூட்டைத் தாங்குமா?

வோல்டேஜ் கொடுத்தால் தன் வழியே போகும் ஒளியை மாற்றும் பிளாஸ்டிக்தான் மின்ஒளியியல் பாலிமர். அதைப் பற்றிச் செய்தி வந்தாலே தலைப்பில் நொடிக்கு எத்தனை ஜிகாபிட் என்றுதான் இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு: எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் சோதித்தார்கள்? இந்தப் பொருள் தேறுமா தேறாதா என்பது அதில்தான் இருக்கிறது.

மின்சாரமாக வரும் தகவலை ஒளியில் ஏற்றி ஃபைபருக்குள் அனுப்புவது மாடுலேட்டர். வோல்டேஜ் கொடுத்ததும் ஒளிவிலகல் எண் மாறுகிற பொருள் அதற்கு வேண்டும். சிலிக்கானின் படிக அமைப்பு சமச்சீரானது. அதனால் அதனிடம் இந்தக் குணம் நேரடியாக இல்லை. காலங்காலமாக இந்த வேலையைச் செய்துவரும் லித்தியம் நியோபேட் என்ற படிகத்துக்கு இந்தத் திறன் வோல்ட்டுக்குச் சுமார் 30 பிகோமீட்டர்; இந்த எண் கூடினால் குறைந்த வோல்டேஜே போதும். நல்ல பாலிமர்கள் 100-ஐத் தாண்டுகின்றன. கரைசலாக்கி சிலிக்கான் சிப் மேலேயே பூசிவிடலாம் என்பது இன்னொரு வசதி. ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கேட்கும் பாலிமர் மாடுலேட்டரை அமெரிக்க ஆய்வாளர்கள் லாரி டால்டன், வில்லியம் ஸ்டியர் ஆகியோரின் குழு 2000-லேயே செய்து காட்டிவிட்டது.

அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்? பாலிமருக்குள் இந்த விளைவைத் தரும் சாய மூலக்கூறுகளுக்கு ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுமுனை இழுக்கும். பூசியவுடன் அவை திசைக்கொன்றாகக் கிடப்பதால் ஒன்றின் விளைவை இன்னொன்று அழித்துவிடும். அதனால் படலத்தை இளகும் வரை சூடாக்கி, மைக்ரானுக்கு 100 வோல்ட் அளவில் மின்புலம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி, மின்புலத்தை எடுக்காமலே ஆறவிடுகிறார்கள். ஆனால் இது கட்டாயப்படுத்தி நிறுத்திய வரிசை. சிப் சூடானால் மெல்ல மெல்லக் கலையும். சரி, இளகும் வெப்பநிலையை உயர்த்தலாமே என்றால், திருப்புவதற்குக் கொடுக்கும் சூட்டிலேயே சாயம் சிதையக்கூடும். போதாததற்கு ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சாயம் கெடும். காற்றுப் புகாமல் மூட வேண்டும்.

2020-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு 200 ஜிகாபிட் மாடுலேட்டரை 110 டிகிரி செல்சியஸ் வரை இயக்கிக் காட்டியபோது, எனக்கு அந்த 200-ஐவிட 110-தான் பெரிய செய்தி.

கடலடிக் கேபிளுக்கு எது என்றால் தயங்காமல் லித்தியம் நியோபேட் என்பேன். டேட்டா சென்டரில், தகவலைப் பிரித்து அனுப்பும், கொதிக்கிற சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்தில், இடமும் மின்சாரமும் நெருக்கடியான இடத்தில் பாலிமருக்குத்தான் என் ஓட்டு. தொலைத்தொடர்புத் துறையில் 85 டிகிரியில் 2000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. வேகத்தை அறிவிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தச் சோதனையின் வரைபடத்தையும் அதே பக்கத்தில் போடட்டும்.