ஊருணிக்கு ஒரு காவல் இருந்தது

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். முதுகுளத்தூருக்கும் கடலாடிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். போய் இறங்கியதும் காதில் விழுந்தது குழாயடிச் சண்டை. முன் தெருவில் நாலைந்து வீடுகளில் குழாயோடு மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். கடைசித் தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தத் தெருப் பெண்கள் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குடம் உட்கார ஓட்டை போட்ட அந்த வண்டியை ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மழை பொய்த்ததால் வந்த சண்டை இல்லை இது. அன்று மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. அதைப் பங்கு வைக்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. எங்கே போர் போட்டாலும் உப்புதான். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை ஊருணியில் பிடித்து, அடுத்த ஐப்பசி வரை வைத்துக் குடிக்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது ஊருணிக் கரையில் முள்வேலி இருக்கும். செருப்போடு ஏறக்கூடாது. கால் கழுவக்கூடாது. ஆடு மாடு தண்ணீர் குடிக்க வேறு குளம், குளிக்கத் துவைக்க வேறு குளம். கோடையில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். காவலுக்கு ஒருவர் இருந்தார், அவருக்கு ஊரே சம்பளமாக நெல் அளந்தது. கலங்கலாக வந்த தண்ணீரை அப்பத்தா குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பார். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏன் என்று பல வருடம் கழித்து ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான். ஒரு ஏக்கர் ஊருணியில் 10 அடித் தண்ணீர் நின்றால், கரைச்சரிவைக் கழித்து 90 லட்சம் லிட்டர் என்று வையுங்கள். ஒன்பது மாத வெயில் அதில் பாதியைக் குடித்துவிடும். மிச்சம் 45 லட்சம். ஊரில் 200 வீடு, வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 குடம், குடம் 15 லிட்டர். ஒரு நாளைக்கு 15,000 லிட்டர். 270 நாளைக்கு 40 லட்சத்து 50 ஆயிரம். அதாவது நூலிழையில் தப்பிக்கிற கணக்கு. வீட்டுக்கு ஒரு குடம் கூடப் போனால் ஆவணியிலேயே சேறுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இந்தக் கணக்கைக் கரைப் படியில் தண்ணீர் எத்தனாவது படியில் நிற்கிறது என்று பார்த்தே போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது, வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்க 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஊருக்கு ஒரு நாளைக்கு 44,000 லிட்டர். அதே ஊருணியில் எடுத்தால் மூன்றரை மாதம்கூடத் தாங்காது. அதனால் குழாய் வேண்டாம், ஊருணியே போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்பத்தாவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் மறக்கவில்லை. ஊருணி வற்றிய வருடங்களில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஊருணியில் எல்லாரும் இறங்கி மொள்ள முடியாது. சாதி பார்த்துத்தான் படி. காலனிப் பெண்கள் கரையில் காத்து நிற்க, யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் குடம் நிறையும். அந்தக் காவல் திரும்பி வரவே வேண்டாம்.

காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் இத்தனை தூரம் வந்து சேர்ந்ததைப் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன். ஆனால் குழாய் வந்த கையோடு முள்வேலியை எடுத்தோம், காவலை நிறுத்தினோம், ஊர்க்கூட்டத்தில் தண்ணீர் பேச்சே இல்லை. குழாயில் வருகிற தண்ணீரும் அளவுள்ளதுதான் என்பதை மறந்துவிட்டோம். ஒரு நாள் எங்கோ குழாய் உடைந்தால், மின்சாரம் போனால், ஊரே லாரிக்காகக் காத்துக் கிடக்கிறது. அப்போது ஊருணியைப் பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டி, பிளாஸ்டிக் மிதக்கிறது. ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதன்மேல் வீடு கட்டியாயிற்று.

தூர்வாரவில்லையா என்றால், வாரினார்கள். குடிமராமத்து என்று 2017இல் அரசு மறுபடி தொடங்கிய பெயர் நல்ல பெயர். குளத்தையும் வாய்க்காலையும் ஊரே பராமரிப்பது என்பது அதன் பொருள். 1858இல் ஆங்கிலேயர் அதைச் சட்டத்தில் கட்டாய வேலையாக்கினார்கள். ஆனால் பக்கத்து ஊரில் தூர்வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி, அடியிலிருந்த களிமண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே இறங்கிப் போகிறது, நிற்கிற கொஞ்சமும் உப்புக் கரிக்கிறது. வண்டலை மட்டும் எடுக்க வேண்டும், களியைத் தொடக்கூடாது. குளத்து வண்டலான கரம்பையை அடித்து வயலில் போட்ட பெரியவர் யாரைக் கேட்டாலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வால்வு திறக்கிற ஆளுக்கு மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் என்று தொட்டிக்குக் கீழே ஒரு கரும்பலகை. முதல் தண்ணீரைக் கடைசித் தெருவுக்குத் திறக்க வேண்டும். மோட்டார் மாட்டினால் யாராக இருந்தாலும் இணைப்புத் துண்டிப்பு, என் சித்தப்பா வீடு உட்பட. அவர் வீட்டிலும் மோட்டார் இருக்கிறது. அப்புறம் ஊருணிக்கு வேலியும் வரத்துக்காலும். இந்த முறை படி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். லீவு சொல்லிவிட்டேன். இந்த 200 வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். சித்தப்பாவிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன்.